கிறிஸ்மஸ் வைனை மட்டன் பெரட்டலுக்காக வாங்குங்க

டிசம்பர் பொறந்தா எனக்கு ஒரு எரிச்சல் வந்துடும்.

பத்திரிகையைப் பிரிச்சாலும் சரி, போனைத் திறந்தாலும் சரி, பேரங்காடி வாசல்ல குடுக்குற நோட்டீஸைப் பார்த்தாலும் சரி, ஒரே பட்டியல்தான். வான்கோழிக்கு இந்த வைன். ஹாமுக்கு இந்த வைன். சால்மன் மீனுக்கு இந்த வைன்.

சரி, மட்டன் பெரட்டலுக்கு?

அதை யாருமே சொல்றதில்ல.

எங்க ஜோகூர் ஸ்கூடாய்ல எந்தத் தாமானுக்குள்ள நுழைஞ்சாலும் நட்சத்திரம் தொங்குற வீடு ஒண்ணு ரெண்டு கண்ணுல படும். அந்த வீடுகள்ல கிறிஸ்மஸ் ராத்திரி என்ன சாப்பிடுறோம்? நெய்ச்சோறு, மட்டன் பெரட்டல், கோழி, தால்சா, அச்சார், அப்பளம். இதுதானே? இந்தச் சாப்பாட்டுக்கு எந்த பாட்டில் தோதுப்படும்னு எழுத ஆளில்லாததால நான் எழுதுறேன். வருஷா வருஷம் நானும் வீட்டுக்காரரும் தட்டையும் கிளாஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டது இது.

(குடிக்காத வீட்டுக்காரங்க ஓடிடாதீங்க. பாதிக்கு மேல சாப்பாட்டுக் கதைதான்.)

முதல்ல இந்தச் சிவப்பு வைன் விஷயத்தைப் பேசிடுவோம்.

நம்ம ஆளுங்களுக்கு வைன்னாலே சிவப்புதான். அதுலயும் ஆட்டிறைச்சின்னா கண்டிப்பா சிவப்புதான்னு எங்கயோ கேட்டு மனசுல பதிஞ்சு போச்சு. உப்பு, மிளகு, ரோஸ்மேரி போட்டு அடுப்புல ரோஸ்ட் பண்ண ஆட்டுத் தொடைக்கு அது சரி. ஆஸ்திரேலியா ஷிராஸ் அதோட அருமையா இருக்கும்.

நம்ம பெரட்டல் அப்படியா இருக்கு? காய்ஞ்ச மிளகாய் அரைச்சு ஊத்தி, சோம்பும் பட்டையும் தாளிச்சு, தண்ணி வத்த வத்தப் பெரட்டி, இறக்கும்போது இடிச்ச மிளகு ஒரு கை போட்டு, கறிவேப்பிலையை உருவிப் போடுறோம். அதுக்குப் பக்கத்துல 14.5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள ஷிராஸை வச்சுப் பாருங்க. நாக்கு எரியும், வைன் கசக்கும். ரெண்டுமே நல்ல சாமான், ஒண்ணா வச்சா ரெண்டும் கெட்டுப்போகும்.

அதுக்குக் காரணம் இருக்கு. மிளகாய்க் காரத்தை நமக்குச் சொல்ற நரம்பு முனையை ஆல்கஹாலும் தூண்டும். அதனால ஆல்கஹால் ஏற ஏறக் காரமும் ஏறும். அது போதாதுன்னு, திராட்சைத் தோல்லேருந்து வர்ற துவர்ப்பு (டானின்னு சொல்வாங்க) காரம் பட்ட நாக்குல முரட்டுத்தனமாத் தெரியும்.

அப்ப நமக்கு வேண்டியது என்ன? ஆல்கஹால் கம்மியா, துவர்ப்பு இல்லாம, புளிப்பு நல்லா இருந்து, லேசா இனிப்பு தட்டணும். ஜில்லுன்னு இருக்கணும்.

ரீஸ்லிங்.

என் தீர்ப்பு இதுதான். தமிழ் வீட்டுக் கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்கு ஒரே ஒரு பாட்டில்தான் வாங்க முடியும்னா ரீஸ்லிங்ங்கிற வெள்ளை வைனை வாங்குங்க. அதுலயும் லேசா இனிப்பு உள்ளது.

"இனிப்பு இருக்கான்னு எப்படிக்கா கண்டுபிடிக்கிறது, லேபிள்ல ஜெர்மன் மொழியா இருக்கே?"ன்னு என் தம்பி பொண்டாட்டி கேட்டா. சுலபம்மா. ஆல்கஹால் அளவைப் பாரு. திராட்சைச் சர்க்கரைதான் புளிச்சு ஆல்கஹாலா மாறுது. பாதியிலயே நிறுத்திட்டா சர்க்கரை மிஞ்சும், ஆல்கஹால் கம்மியா இருக்கும். ரீஸ்லிங் பாட்டில்ல 8, 9 விழுக்காடுன்னு போட்டிருந்தா பெரும்பாலும் இனிப்பு இருக்கும். 12க்கு மேலன்னா இனிப்பே இல்லாத வறட்டு ரகமா இருக்க வாய்ப்பு அதிகம். ஆஸ்திரேலியா ரீஸ்லிங் பெரும்பாலும் ரெண்டாவது ரகம். அதுவும் மோசமில்ல. எலுமிச்சை பிழிஞ்ச மாதிரி ஒரு புளிப்பு வரும் பாருங்க, தால்சாவுக்கும் அச்சாருக்கும் அப்படியே ஒட்டிக்கும். பெரட்டலுக்குத்தான் கொஞ்சம் இனிப்பு வேணும்.

இந்த இடத்துல ஒரு கிளைக்கதை சொல்லணும், சொல்லலைன்னா எனக்குத் தூக்கம் வராது.

நம்ம பேரங்காடி அலமாரியில நிக்கிற ஆஸ்திரேலியா பாட்டில்கள்ல 'பரோஸா'ன்னு நிறைய லேபிள்ல இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? தெற்கு ஆஸ்திரேலியாவுல ஒரு பள்ளத்தாக்கு. பிரஷ்யாவுல அரசாங்கம் தங்களோட வழிபாட்டு முறையில கை வச்சதைப் பொறுக்க முடியாம கப்பலேறிப் போன லுத்தரன் குடியானவங்க அங்க 1842ல பெத்தானின்னு ஒரு கிராமம் போட்டாங்க. பைபிள்ல வர்ற ஊர்ப் பேரு. அந்தப் பக்கத்துல ரீஸ்லிங் வேர் பிடிச்சதுல ஜெர்மன்காரங்க கையும் உண்டு.

எங்க குடும்பமும் லுத்தரன். தமிழ்நாட்டுலேருந்து ரப்பர் தோட்டத்துக்கு வந்த தாத்தா கையோட கொண்டு வந்த நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத் தமிழ் மண்ணுக்குக் கொண்டு வந்ததும் ஒரு ஜெர்மன்காரர்தான். 1706ல தரங்கம்பாடியில கப்பலை விட்டு இறங்கின சீகன்பால்கு ஐயர். ஒரே சபை. ஒரு கூட்டம் தெற்கே போய்க் கொடி நட்டுச்சு. இன்னொரு கூட்டம் தமிழ் படிச்சு, வேதத்தைத் தமிழ்ல அச்சடிச்சுச்சு. ரெண்டும் ஸ்கூடாய்ல எங்க வீட்டு மேசையில வந்து சந்திக்குது. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் மூடியைத் திருகும்போது எனக்கு இந்த நினைப்பு வரும். மனசு நிறைஞ்சு போகும்.

மூடின்னதும் ஞாபகம் வருது. திருகு மூடி போட்ட பாட்டில் மட்டமானதுன்னு நினைச்சு ஒதுக்குறவங்க இன்னும் இருக்காங்க. வேண்டாம். தெற்கு ஆஸ்திரேலியாவுலயே கிளேர் பள்ளத்தாக்குன்னு ஒரு இடம். அங்க ரீஸ்லிங் செய்றவங்கள்ல பலர் 2000ஆம் வருஷம் கூட்டாச் சேர்ந்து தக்கையை விட்டுட்டுத் திருகு மூடிக்கு மாறினாங்க, வைன் கெடாம இருக்கணும்னுதான். நம்ம சூட்டுக்கு அதுதான் நல்லதுன்னு நான் சொல்வேன். தக்கை திறக்குற கருவியைத் தேடி வீட்டையே புரட்டிப் போடவும் வேண்டாம்.

இப்ப கடைக்குப் போவோம்.

ஸ்கூடாய்ல பேரங்காடிக்குப் பஞ்சமில்ல. இந்தப் பக்கம் தாமான் யுனிவர்சிட்டி, அந்தப் பக்கம் சுத்ரா மால், பாரடைம் மால், கொஞ்சம் தள்ளினா புக்கிட் இண்டா. ஆனா எல்லாக் கடையிலயும் வைன் இருக்காது. ஹலால் இல்லாத சாமான்களுக்குத் தனி மூலை, தனிக் கல்லா வச்சிருக்குற இடமாப் பார்த்துப் போகணும். அந்த மூலையிலயே காசு கட்டிட்டு வெளிய வரணும்.

2014லேருந்து ஜோகூர்ல வெள்ளி, சனிதானே வார விடுமுறையா இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை காலையில ஆராதனைக்குப் போறதே போராட்டமா இருந்துச்சு. 2025 ஜனவரியிலேருந்து மறுபடியும் சனி, ஞாயிறுன்னு மாத்திட்டாங்க. இப்ப ஆராதனை முடிச்சு, ஒட்டுக்கடையில ஒரு தே தாரேக் குடிச்சிட்டு, நிதானமா அலமாரி பார்க்கலாம். எனக்கு இது எவ்வளவு பெரிய சந்தோஷம்னு ஜோகூர்க்காரங்களுக்குத்தான் புரியும்.

அலமாரியில என்ன பார்க்கணும்?

நம்ம ஊர்ல வைனுக்கு முதல் எதிரி சூடு. ரெண்டாவது வெளிச்சம். உச்சித் தட்டுல விளக்குக்கு நேர் கீழ நிக்கிற பாட்டிலை எடுக்காதீங்க. நிறமில்லாத கண்ணாடியில இருக்குற வெள்ளை, ரோசே வைன் வெளிச்சத்துல சீக்கிரம் கெடும். தக்கை மேல தள்ளிக்கிட்டு நின்னாலோ, கழுத்துல கசிவு காய்ஞ்சு பிசுபிசுன்னு இருந்தாலோ, அது எங்கயோ சூட்டுல வெந்திருக்கு. வச்சிடுங்க. பேரங்காடி வெள்ளை வைன் வருஷம் ஆக ஆக நல்லாகுற ரகம் இல்ல. லேபிள்ல வருஷத்தைப் பார்த்து, புதுசா எடுங்க.

அப்புறம் இந்த ஹேம்பர்!

கூடையில பளபள தாள் சுத்தி, ரிப்பன் கட்டி, ரெண்டு டின் பிஸ்கட்டு, ஒரு பாக்கெட் கடலை, நடுவுல கேள்விப்படாத ஒரு வைன். வருஷமும் இருக்காது, எந்த ஊர்த் திராட்சைன்னும் இருக்காது. கூடைக்கும் ரிப்பனுக்கும்தான் நாம காசு குடுக்குறோம். அந்தக் காசுக்கு ஒரு நல்ல ரீஸ்லிங்கும் அரை கிலோ முந்திரியும் வாங்கிடலாம். யாருக்காவது குடுக்கணும்னா அதையே ஒரு துணிப்பையில போட்டுக் குடுங்க.

விலைன்னு பார்த்தா, 50லேருந்து 70 வெள்ளிக்குள்ள எங்க வீட்டுத் தேவை முடிஞ்சிடும். நம்ம நாட்டுல வைன் விலையில பெரிய பங்கு வரி. 2016லேருந்து பாட்டில்ல எவ்வளவு ஆல்கஹால் இருக்கோ அதைக் கணக்குப் பண்ணிக் கலால் வரி போடுறாங்க. 2025 நவம்பர் 1லேருந்து அதுவும் 10 விழுக்காடு கூடிடுச்சு. இதுல நுரை பொங்குற ஸ்பார்க்லிங் வைனுக்கு மட்டும் சாதாரண வைனைவிட மூணு மடங்கு வரி. அதனாலதான் நுரை வைன் விலை அப்படி எகிறுது. ஒரு 'டப்' சத்தத்துக்காக அவ்வளவு காசு குடுக்கணுமான்னு கேட்டா, எங்க வீட்ல வேண்டாம்னுதான் சொல்வேன்.

(சிங்கப்பூர்லேருந்து வர்ற சொந்தக்காரங்களுக்கு பாட்டில் பரிசு குடுத்து அனுப்பாதீங்க. மலேசியாவுலேருந்து சிங்கப்பூருக்குள்ள போறவங்களுக்கு மதுவுக்கு வரிவிலக்கே கிடையாது. பாலத்துல வரி கட்டிக்கிட்டு நிக்கணும். முறுக்கு குடுங்க, சந்தோஷமாப் போவாங்க.)

ரீஸ்லிங் தவிர மத்ததையும் சொல்லிடறேன்.

மொஸ்காட்டோ: பெரும்பாலும் 5லேருந்து 7 விழுக்காடுதான் இருக்கும். நல்ல இனிப்பு. சாப்பாட்டோட வைக்க வேண்டாம், பலகாரத்தோட வைங்க. அச்சு முறுக்கு, நெய்யுருண்டை, அன்னாசி டார்ட், பழக் கேக். எங்க அம்மா வாழ்க்கையில வாய் வச்ச ஒரே வைன் இதுதான். "திராட்சை வாசம் அப்படியே இருக்குடி"ன்னு சொல்லி அரை கிளாஸை ஒரு மணி நேரம் வச்சிருப்பாங்க.

ரோசே: கோழிக்கு. இஞ்சி, பூண்டு, மஞ்சள், தட்டின செராய், கொஞ்சம் கிச்சாப் மானிஸ் தடவி ராத்திரி முழுக்க ஊற வச்சு அடுப்புல சுட்ட கோழி இருக்கே, அதுக்கு ஜில்லுன்னு ரோசே. பிரமாதம்.

ஷார்டனே: மர வாசம் வர்ற இந்த வைன் காரத்தோட சேராது. ஆனா 26ஆம் தேதி காலையில மிஞ்சின அரை பாட்டிலை என்ன பண்றதுன்னு பார்த்து, பகல் சாப்பாட்டுக்கு ஆப்பம், தேங்காய்ப் பால் ஊத்தின கோழி ஸ்டூவோட வச்சோம். தேங்காய்ப் பாலோட அந்தக் கொழகொழப்புக்கு அது அவ்வளவு பொருத்தம்.

சிவப்பு வேணும்னு அடம் பிடிக்கிற மாமா ஒருத்தர் எல்லா வீட்லயும் இருப்பார். அவருக்குப் பீனோ நுவார் வாங்குங்க, துவர்ப்பு கம்மி. ஒண்ணு மட்டும் செய்ங்க: குளிர்சாதனப் பெட்டியில அரை மணி நேரம் வச்சு எடுங்க. 'சிவப்பு வைனை அறை வெப்பத்துல குடிக்கணும்'னு சொன்னவங்க ஐரோப்பாக்காரங்க. அவங்க அறை 16, 18 டிகிரி. நம்ம அறை 30. சுடுற சிவப்பு வைன்ல ஆல்கஹால் நெடிதான் மூக்குல ஏறும்.

வெள்ளை வைனைக் குளிர வைக்க மறந்துட்டா பதறாதீங்க. வாளியில ஐஸ், தண்ணி, ஒரு கை உப்பு. கால் மணி, இருபது நிமிஷத்துல ஜில்லுன்னு ஆயிடும். அத்தைங்க கிளாஸ்ல ஐஸ் கட்டி கேட்டா போட்டுக் குடுங்க. அவங்க கிறிஸ்மஸ், அவங்க கிளாஸ்.

வான்கோழி வாங்கணுமான்னு கேக்குறீங்களா?

வேண்டாம்ங்க. உறைஞ்சு கல்லு மாதிரி வரும். அஞ்சு கிலோ வான்கோழி குளிர்சாதனப் பெட்டிக்குள்ள வச்சே இளகணும், அதுக்கு ரெண்டு மூணு நாள் ஆகும். வெளிய வச்சு இளக வச்சா நம்ம சூட்டுக்கு ஆபத்து. கிறிஸ்மஸ் வாரத்துல பெட்டியில அவ்வளவு இடம் எந்த வீட்ல இருக்கு? அந்தக் காசுக்கு ரெண்டு நல்ல கோழி வாங்கி மேல சொன்ன மாதிரி சுடுங்க.

மிஞ்சினா இன்னும் நல்லது. மலாக்கா கிறிஸ்தாங் மக்கள் கிறிஸ்மஸ்ல மிஞ்சின இறைச்சியை மறுநாள் 'டெபால்' கறியா மாத்துவாங்க. 1511ல வந்த போர்த்துகீசியர் வழி வந்தவங்க அவங்க. காய்ஞ்ச மிளகாய், லெங்குவாஸ், செராய், பூவா கெராஸ் அரைச்சு, கடுகும் வினிகரும் சேர்த்து, உருளைக்கிழங்கோட சுட்ட கோழியைப் போட்டுக் கொதிக்க விடுறது. நம்ம நாக்குக்கு அப்படியே பிடிக்கும். வினிகர் புளிப்புக்கு ஈடு குடுக்க வைன்லயும் புளிப்பு இருக்கணும். அதுக்கும் ரீஸ்லிங்தான் (நான் என்ன பண்ணட்டும், உண்மை அதுதான்).

இனி, எனக்கு வைனைவிட முக்கியமான விஷயம். யார் வர்றாங்க?

எங்க வீட்ல 25ஆம் தேதி பகல்ல திறந்த இல்லம். பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம் வருவாங்க. அவங்களுக்கு ஹலால் உணவகத்துல சொல்லி வச்ச சாப்பாடு, காகிதத் தட்டு, சிராப் பண்டோங், ஹலால் முத்திரை போட்ட பலகாரம். பகல் பூரா எங்க வீட்ல வைன் பாட்டில் கண்ணுல படாது. சமையல்ல ஒரு சொட்டு கூடப் போட மாட்டேன். பழக் கேக்குக்கு ஊற வைக்கிற பழத்தைப் பிராந்தியில போடாம ஆரஞ்சுச் சாறுல போடுறேன். ருசி ஒண்ணும் குறையல, அத்தை கூடக் கண்டுபிடிக்கல.

டிசம்பர் பாதிக்கு மேல மார்கழி. இந்து சொந்தக்காரங்க பாதிப் பேர் சைவம், சிலர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பாங்க. அவங்களுக்குன்னு தனிப் பாத்திரத்துல தால்சா (இறைச்சி போடாம), கத்தரிக்காய்ப் பச்சடி, பருப்புப் பாயசம். வாசல்லயே கூப்பிட்டு, "மாமா, இது தனியாச் செஞ்சது"ன்னு சொல்லிடுவேன். அவர் முகத்துல வர்ற நிம்மதிக்காகவே அந்தத் தனிச் சமையல்.

அப்புறம் யு.டி.எம். பல்கலைக்கழகப் பிள்ளைங்க. சபா, சரவாக்லேருந்து படிக்க வந்து, டிக்கெட் விலையால கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போக முடியாத மாணவர்கள் ஸ்கூடாய்ல ஒவ்வொரு வருஷமும் இருப்பாங்க. நாங்க கூப்பிடுவோம். ஒரு பொண்ணு அவங்க அம்மா அனுப்பின சரவாக் கேக் லாப்பிஸைக் கொண்டு வந்தா. கலர் கலரா, அடுக்கடுக்கா, வெட்டினா உள்ள ஒரு கோலம்! அதோட ஒரு வாய் மொஸ்காட்டோ. அன்னைக்கு நான் சாப்பிட்டதுலயே அதுதான் உச்சம். பிள்ளைங்களுக்கு எஃப் அண்ட் என் ஆரஞ்சுதான். 2017 டிசம்பர் 1லேருந்து மது விற்க, வாங்க வயசு வரம்பு 21. சட்டத்துக்காக மட்டும் இல்ல, அடுத்த வீட்டுப் பிள்ளைங்க நம்மை நம்பி வர்றாங்க.

கடைசியா ஒண்ணு சொல்லணும். இதை நான் தோட்டத்துல வளர்ந்தவளாச் சொல்றேன்.

சம்பள நாள்ல கள்ளுக்கடை வாசல் எப்படி இருக்கும்னு பார்த்திருக்கேன். சம்சு என்னென்ன குடும்பத்தை அழிச்சுதுன்னும் பார்த்திருக்கேன். நம்ம சமூகத்துல குடின்னா ஆம்பளைங்க வீட்டுக்குப் பின்னாடி, காடி டிக்கியைத் திறந்து வச்சுக்கிட்டு, வெறும் வயித்துல, வேகமாக் குடிக்கிறதுன்னு ஆயிடுச்சு. பொம்பளைங்க சமையல்கட்டுல பயந்துக்கிட்டு நிப்பாங்க. எனக்கு அது வேண்டாம். குடிக்கிறதே இல்லைன்னு முடிவு பண்ணின வீடு நல்ல வீடு, அதை மதிக்கிறேன். குடிக்கிறதா இருந்தா, எல்லாரும் உக்காந்திருக்குற மேசையில, சோத்தோட, ஜெபம் பண்ணிட்டு, ஒரு பாட்டிலைப் பகிர்ந்துக்கிட்டு, பேசிக்கிட்டே. அதோட முடிச்சுக்கணும். நான் வைன் பத்தி இவ்வளவு எழுதுறதே அதுக்காகத்தான்.

காடி ஓட்டுறவங்களுக்கு ஒரு சொட்டும் ஊத்தாதீங்க. 2020 அக்டோபர்லேருந்து ரத்தத்துல அனுமதிக்கப்பட்ட அளவு 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராம்லேருந்து 50ஆக் குறைஞ்சிருக்கு. மச்சான் "ஒரு கிளாஸ்தானே"ன்னு சொல்வார். சாவியை வாங்கி வச்சிட்டு கிராப் போட்டு அனுப்புங்க, இல்ல ஹால்ல பாய் விரிச்சுக் குடுங்க.

வைன் 24ஆம் தேதி சாயந்திரம் போனாக் கூடக் கிடைக்கும். எலும்போட நல்ல ஆட்டிறைச்சி கிடைக்காது. உங்க இறைச்சிக்கடைக்காரர்கிட்ட இந்த வாரமே சொல்லி வச்சிடுங்க.